முறுக்கு முறுக்கு வடை: குழந்தைகளுக்குக் கரீபிய இசையை அறிமுகப்படுத்த ஒரு வழிகாட்டி

விக்கெட் எடுத்ததும் சேப்பாக்கத்தில் பிராவோ போட்ட ஆட்டத்தைப் பார்த்த வீடுகளில் கரீபியன் என்ற சொல் புதிதில்லை. லாரா, பொல்லார்ட், நரைன், பிராவோ எல்லாம் எந்த நாடு என்று கேட்டால் பிள்ளைகள் "வெஸ்ட் இண்டீஸ்" என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு நாடே கிடையாது, இந்த நான்கு பேரும் டிரினிடாட் என்ற ஒரே தீவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள். பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டாம், வாத்தியம் வாங்கவும் வேண்டாம். வேண்டியது இரண்டு கை, சமையலறையில் கொஞ்சம் தகரம், வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம்.

இணையத்தில் "கரீபிய இசை" என்று தேடினால் தென்னை மரம், கடற்கரை, குளிர்பானம் படம் போட்ட தொகுப்புகள்தான் முதலில் வரும். அதை ஓடவிட்டுவிட்டு அறிமுகம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது ஓட்டல் வரவேற்பறைக்குச் செய்த இசை. தடை போட்டவர்களை மீறி, கிடைத்ததைத் தட்டி உருவாக்கியதுதான் உண்மையான கரீபிய இசை என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு கேட்கும் பிள்ளைக்கு அதே பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

முதல் படி: ஒரே ஒரு தீவு

கரீபியக் கடலில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம், டச்சு பேசும் தீவுகள் உண்டு. தீவுக்குத் தீவு இசையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டினால் எதுவும் நிற்காது. டிரினிடாடை எடுத்துக்கொள்ளுங்கள். கதையும் வாத்தியமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

உலக வரைபடத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் வடக்கு விளிம்பைத் தேடச் சொல்லுங்கள். வெனிசுவேலாவிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டரில் இருக்கிறது டிரினிடாட். ஸ்பெயின் ஆண்டது. பிரெஞ்சுப் பண்ணை முதலாளிகள் அடிமைகளோடு வந்து குடியேறினார்கள். 1797-இல் பிரிட்டன் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியும், பிறகு இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியும்தான் இன்று அங்கே பெரும்பான்மை. முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: முதலில் கை, அப்புறம் காது

பாட்டைப் போட்டுக் காட்டுவதற்கு முன் தாளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். டிரினிடாடின் பாட்டு வகைகளான கலிப்ஸோ, சோகா, மற்றத் தீவுகளின் இன்னும் பல இசைகளுக்கும் அடியில் 3+3+2 என்ற ஓட்டம் இருக்கிறது. எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரிப்பது. மேற்கத்தியப் பாடநூல்களில் இதை விளக்கப் பக்கக்கணக்கில் எழுதுவார்கள். நமக்கு ஒரே வரி போதும்:

தகிட தகிட தக

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்ட வேண்டும். 1, 4, 7. அவ்வளவுதான். சொற்கட்டு பழகாத சின்னப் பிள்ளைகளுக்கு "முறுக்கு முறுக்கு வடை" என்று சொல்லிக் கொடுங்கள். மு-றுக்-கு, மு-றுக்-கு, வ-டை என்று எல்லா அசையையும் ஒரே அளவில், இழுக்காமல் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும், சிரித்துக்கொண்டே.

கை பழகியதும் காலைச் சேருங்கள். 1-இலும் 5-இலும் கால் தரையில் விழ வேண்டும். நின்ற இடத்திலேயே நடை போடுவது போல இடது, வலது. கையோ 1, 4, 7-இல் தட்டும். முதல் தட்டு மட்டும் காலோடு சேரும், மற்ற இரண்டும் காலுக்கு இடையில் நழுவி விழும். அந்த நழுவலில்தான் இடுப்பு தானாக ஆட ஆரம்பிக்கிறது. பெரியவர்களுக்குத்தான் இது தடுமாறும், பிள்ளைகள் நம்மை முந்திவிடுவார்கள். வேகத்தைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். மெதுவாக, நிற்காமல், இரண்டு நிமிடம் ஓட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி கால், ஓர் அணி கை. அப்புறம் மாற்றிக்கொள்ளட்டும். இதற்குமேல், ஒருவர் ஒரு வரி கூவ, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். "யாரு வந்தா?" என்றால் "மாமா வந்தா!" என்பது போல எதுவானாலும் சரி. ஒருவர் அழைக்க, கூட்டம் பதில் சொல்லும் இந்த முறை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்தது. கரும்பு வெட்டும்போதும், படகு வலிக்கும்போதும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போதும் பாட்டு இப்படித்தான் நடந்தது. கார்னிவல் என்ற பழைய டிரினிடாட் தெருத் திருவிழாவில் முன்வரி பாடுகிறவருக்குச் சாண்ட்வெல் என்று பெயர். உங்கள் வீட்டுச் சாண்ட்வெல் யார் என்பதை வாரம் ஒருவராக மாற்றுங்கள்.

மூன்றாம் படி: தகர டப்பா வாத்தியக் குழு

இந்தப் படிக்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள். வரலாற்றையும் கைவேலையையும் பிரிக்காமல் சேர்த்தே நடத்துங்கள்.

முதலில் கதை. பிரிட்டிஷ் தீவுகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் "தொழில் பழகுநர்" என்ற பெயரில் மேலும் நாலு வருடம் பிடித்து வைத்திருந்தார்கள், முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1-இல்தான். விடுதலையானவர்கள் அதைக் கொண்டாடத் தீவட்டி பிடித்து, தோல் முரசு அடித்து, கம்புச் சண்டை ஆடி, தெருவில் இறங்கினார்கள். அந்த ஊர்வலத்துக்குக் கன்பூலே என்று பெயர். நாளடைவில் அது கார்னிவலின் தொடக்கமானது. ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1881-இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காவல்துறை தீவட்டிகளைப் பிடுங்க வந்தது, மக்கள் திருப்பி அடித்தார்கள். 1884-இல் சட்டம் போட்டு முரசையும் தீவட்டி ஊர்வலத்தையும் ஒடுக்கினார்கள்.

இங்கே கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "முரசு அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க?" பதில்களுக்குக் காத்திருங்கள். மேசை, குடம், கதவு என்று வரிசையாக வரும். யாராவது ஒருவர் கழி, குச்சி என்பார்கள். டிரினிடாட் மக்கள் செய்ததும் அதுதான். மூங்கிலை வெட்டினார்கள்.

டாம்பூ பாம்பூ என்ற அந்த மூங்கில் குழுவை வீட்டிலேயே அமைக்கலாம். ஐந்தடி நீளத்துக்குத் தடித்த மூங்கில் ஒன்று. அடிக்கணு மூடியும் மேல்முனை திறந்தும் இருக்க வேண்டும். அதைத் தரையில் குத்தினால் "பூம்" என்று ஒலிக்கும், அதன் பெயரும் பூம்தான். ஓர் அடி நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து, முனையோடு முனை மோதினால் ஃபூலே. மெல்லிய மூங்கில் ஒன்றைத் தோளில் சாய்த்து வைத்துக் குச்சியால் தட்டினால் கட்டர், கூர்மையான சத்தம். மூங்கில் கிடைக்காவிட்டால் பிவிசி பைப்பின் ஒரு முனைக்கு மூடி போட்டுக்கொள்ளலாம். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், மூங்கில் சிராய் பொல்லாதது. மாடி வீடு என்றால் கீழே ஒரு பழைய மிதியடி போடுங்கள், கீழ்வீட்டுக்காரர் நம் பக்கம் இருப்பது நல்லது. கூடவே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாட்டிலும் கரண்டியும் அந்தக் குழுக்களில் நிஜமாகவே இருந்தன.

பூம் 1-இலும் 5-இலும். ஃபூலே 1, 4, 7. கட்டர் விட்ட இடத்தையெல்லாம் நிரப்பட்டும். இரண்டாம் படியில் கையிலும் காலிலும் இருந்தது இப்போது குழுவாகிவிட்டது.

அடுத்த வாரம் தகரம். 1930களில் மூங்கில்காரர்கள் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி, கார் பிரேக் டிரம் என்று கைக்குக் கிடைத்த உலோகத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். மூங்கில் பிளந்துவிடும், தகரம் தாங்கும், சத்தமும் கூட. அடித்து அடித்துப் பள்ளம் விழுந்த டப்பாவில் இடத்துக்கு இடம் சுருதி வேறாகக் கேட்டது. இதை வைத்து ராகம் வாசிக்கலாம் என்று முதலில் கண்டது யார் என்பதில் டிரினிடாடில் இன்றும் சண்டை உண்டு. வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன் பெயரை நிறையப் பேர் சொல்வார்கள். பிள்ளைகளிடம் ஒருவர் பெயரை மட்டும் "கண்டுபிடித்தவர்" என்று மனப்பாடம் செய்யக் கொடுக்க வேண்டாம். பல தெருக்களில் ஒரே சமயத்தில் நடந்த காரியம் இது.

டப்பா பரிசோதனையைச் செய்ய வையுங்கள். காலி எண்ணெய் டின், பால் பவுடர் டின், எவர்சில்வர் குண்டான், சின்னக் கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்து, பென்சில் முனையில் ரப்பர் பாண்ட் சுற்றித் தட்டச் சொல்லுங்கள். பெரியது தடித்த குரலில் பேசும், சின்னது மெல்லிய குரலில். கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தட்டும். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. உங்களுக்குத் தலைவலி வரும், அது வேறு விஷயம்.

நான்காம் படி: ஸ்டீல்பானைக் கேட்பது

எண்ணெய்ப் பீப்பாயில் செய்த ஸ்டீல்பான் என்ற வாத்தியத்தை இப்போதுதான் அறிமுகப்படுத்த வேண்டும். டிரினிடாட்காரர்கள் சுருக்கமாகப் "பான்" என்றே சொல்கிறார்கள். எண்ணெய் வளமுள்ள தீவு, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தளங்கள் வேறு. ஆக 55 காலன் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. போர்க் காலத்தில் தடைபட்டிருந்த கார்னிவல் திரும்பியதும் இந்தப் பீப்பாய்கள் தெருவுக்கு வந்தன. எல்லி மனெட் என்ற இளைஞர் பீப்பாயின் முகத்தை உள்பக்கமாகக் குழிவாக அடித்து இறக்கினார். குழியில் இடம் கூடியது, சுரங்களும் கூடின. ஆன்டனி வில்லியம்ஸ் சுரங்களைச் சிலந்தி வலை மாதிரி வட்டமாக அடுக்கினார். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவாக அதிரும்படி, ச-வுக்குப் பக்கத்தில் ப, ப-வுக்குப் பக்கத்தில் ரி என்று போகும் வட்டம் அது. பாட்டு படிக்கும் பிள்ளை என்றால் இதைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்ளும்.

1951-இல் பிரிட்டன் விழாவில் வாசிப்பதற்காகப் பல குழுக்களிலிருந்து ஆள் எடுத்து டாஸ்போ என்ற வாத்தியக் குழுவை லண்டனுக்கு அனுப்பினார்கள். மேலே சொன்ன சைமன், மனெட், வில்லியம்ஸ் மூவரும் அதில் இருந்தார்கள். பழகுவித்தவர் ஜோசப் கிரிஃபித், காவல்துறை பாண்டு நடத்தியவர். பன்னிரண்டு சுரமும் சரியாக இருந்தே தீர வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம்தான் ஸ்டீல்பானை எந்த இசைக்கும் பொருந்தும் வாத்தியமாக்கியது.

இதற்கு முன் பான் வாசிப்பவன் என்றாலே ரவுடி என்று பெயர். குழுக்களுக்குள் தெருச்சண்டை சகஜம். டெஸ்பரேடோஸ், இன்வேடர்ஸ், டோக்கியோ, காஸாபிளாங்கா என்று குழுப் பெயர்களிலேயே போர்ப்பட வாசம் அடிக்கும். நல்ல வீட்டுப் பிள்ளைகள் குழுக்கள் பழகும் இடமான பான்யார்டு பக்கம் போகக் கூடாது, பெண் பிள்ளைகள் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அப்படியும் 1950களின் தொடக்கத்தில் ஹேசல் ஹென்லி பெண்களை மட்டும் வைத்துக் கர்ல் பாட் என்ற குழுவை அமைத்தார். அந்த ஸ்டீல்பானை 1992-இல் நாட்டின் தேசிய வாத்தியமாக அறிவித்தார்கள். 2023-இல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஏற்றது. நம் ஊரில் பறைக்கு நடந்ததையும் நடப்பதையும் அறிந்த பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கேட்கும்போது வீடியோவாகப் பாருங்கள், ஒலி மட்டும் வேண்டாம். 1963-இல் தொடங்கிய, பான் குழுக்களுக்கான பனோரமா போட்டியின் பதிவுகள் நிறையக் கிடைக்கும். டெஸ்பரேடோஸ், ரெனகேட்ஸ், டிரினிடாட் ஆல் ஸ்டார்ஸ், ஃபேஸ் டூ என்று குழுப் பெயரோடு தேடுங்கள். நூறு பேர் ஒன்றாக வாசிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மூன்று வேலை கொடுங்கள்:

முதலில் ராகம் வாசிப்பவரைத் தேடட்டும். டெனர் என்ற அந்தப் பானின் விளிம்பு குட்டையாக இருக்கும், ஒரு பானிலேயே சுரமெல்லாம் அடங்கிவிடும். பிறகு பேஸ் வாசிப்பவர். ஆறு, ஒன்பது முழுப் பீப்பாய்களுக்கு நடுவில் ஒரே ஆள் சுழன்று சுழன்று அடிப்பார், ஒவ்வொன்றிலும் மூன்று சுரம் அளவுக்குத்தான் இருக்கும். ஏன் என்று கேளுங்கள். டப்பா பரிசோதனை செய்த பிள்ளை பதில் சொல்லிவிடும். கடைசியாக என்ஜின் ரூம். அது தாளக்காரர்கள் நிற்கும் இடம். அங்கே ஒருவர் கையில் பழைய பிரேக் டிரம் இருக்கும். அதை அங்கே "இரும்பு" என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்தின் மேல் "முறுக்கு முறுக்கு வடை" சொல்லிப் பார்க்கட்டும்.

பனோரமா உருப்படி ஒன்று எட்டு நிமிடம்வரை போகும். ஐந்து வயதுக்கு அது நீளம், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: கலிப்ஸோ, பாடும் செய்தித்தாள்

1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸ் முதன்முதலாக இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே தோற்கடித்தது. சுழற்பந்தில் சாய்த்தவர்கள் வாலன்டைனும், இந்திய வம்சாவளி டிரினிடாட்காரரான சோனி ராமதீனும். லார்ட் பிகினர் என்ற பாடகர் அதை உடனே கலிப்ஸோவாக்கினார். 1971-இல் இளம் காவஸ்கர் அதே வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஒரு தொடரில் 774 ரன் குவித்தபோது, லார்ட் ரிலேட்டர் அவரைப் புகழ்ந்து பாடினார். தோற்கடித்த எதிரணிக்காரரைப் பற்றி! கிரிக்கெட் பைத்தியம் பிடித்த வீட்டில் இந்த இரண்டு பதிவுகளோடு ஆரம்பித்தால் தனியாக விளக்கமே வேண்டாம்.

விலைவாசி, தேர்தல், ஊழல், பக்கத்து வீட்டு வம்பு எல்லாமே கலிப்ஸோவுக்குள் வரும். பாடகர்கள் தங்களுக்குப் பட்டம் சூட்டிக்கொள்வார்கள்: லார்ட் கிச்சனர், மைட்டி ஸ்பாரோ, ரோரிங் லயன், அட்டிலா தி ஹன். ஆளவந்த பிரபுக்களின் பட்டங்களை எடுத்துத் தானே மாட்டிக்கொள்ளும் நையாண்டியும் அதில் உண்டு. அந்த அட்டிலா பின்னாளில் சட்டமன்ற உறுப்பினரே ஆனார். ஆண்கள் கோலோச்சிய அந்த உலகில் கலிப்ஸோ ரோஸ் 1977-இல் தெரு ஊர்வலப் பாட்டுக்கான பரிசையும், 1978-இல் கலிப்ஸோ மகுடத்தையும் வென்றார். அதுவரை "கலிப்ஸோ கிங்" என்று இருந்த பட்டத்தை அவருக்காக "மொனார்க்" என்று மாற்ற வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்கான பயிற்சி: ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளட்டும். எக்ஸ்டெம்போ என்று ஒரு போட்டி உண்டு, தலைப்பைச் சீட்டில் எடுத்து அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாட வேண்டும். "கரண்ட் போனது", "காணாமல் போன செருப்பு", "அம்மாவின் போன்" என்று சீட்டு எழுதிப் போடுங்கள். நாலு வரி, எதுகை இருந்தால் நல்லது, தாளம் தகிட தகிட தக. தமிழில்தான் பாட வேண்டும். எட்டு வயதுக்கு மேல் இதில் பிய்த்து உதறுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. கலிப்ஸோவின் சொத்தே இரட்டை அர்த்தம். பழைய பதிவு, பெரிய பாடகர் என்பதற்காக அப்படியே ஓடவிடாதீர்கள், முதலில் நீங்கள் ஒருமுறை கேளுங்கள். அமெரிக்காவில் 1956-இல் ஹாரி பெலஃபான்டே வெளியிட்டுப் பெரும் விற்பனையான "கலிப்ஸோ" தொகுப்பு பிள்ளைகளுக்கு ஏற்றதுதான். ஆனால் அதில் வரும் வாழைத்தார் ஏற்றும் தொழிலாளர்களின் புகழ்பெற்ற பாட்டு டிரினிடாடின் கலிப்ஸோ இல்லை, ஜமைக்காவின் வேலைப்பாட்டு. இதைச் சொல்லிவிட்டுப் போட்டால் போதும். அழைப்பும் பதிலும் அதில் அழகாகக் கேட்கும்.

ஆறாம் படி: கப்பலேறிய நம் முரசுகள்

தமிழ்ப் பெற்றோர் ஆவலோடு தேடும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமும் வேண்டும். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து டிரினிடாடுக்குப் போனவர்கள் சுமார் 1,44,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறிய போஜ்பூரி, இந்தி பேசும் மக்கள். சென்னையிலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் குறைவு. எனவே டிரினிடாடில் கேட்கும் டாஸா முரசைத் தமிழ்ப் பறை என்று வாட்ஸப்பில் வருவதை நம்பிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். அது வட இந்திய வழி வந்தது. கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். முகரத்தை ஒட்டிய ஹோசே ஊர்வலத்திலும் இந்துக் கல்யாணங்களிலும் அதே டாஸாதான் முழங்குகிறது. டாஸாவிலும் கட்டர், ஃபூலே என்றே வாத்தியங்களுக்குப் பெயர். மூங்கில் குழுவில் இருந்த அதே பெயர்கள்! பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

நம் தடம் அழுத்தமாக இருப்பது கயானாவிலும், பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்ட்டினிக்கிலும். கயானா தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் வாழ்க்கை கரீபியன்தான். அங்கே "மதராஸி" மரபுக் காளி கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள், பெயரும் தப்புதான், தீயில் காய்ச்சும் வழக்கமும் அப்படியே. குவாதலூப்புக்கு 1854-இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆட்கள் போனார்கள். மொழி பெரும்பாலும் மறைந்த பிறகும் மாரியம்மன் வழிபாட்டில் முரசும் தமிழ் வரிகளும் மிஞ்சியிருக்கின்றன.

1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர் இந்தியக் கிராமங்களில் கேட்டு வளர்ந்த டோலக், தந்தால் (இரும்புக் கம்பியைத் தட்டும் வாத்தியம்) தாளங்களைக் கலிப்ஸோவோடு கலந்ததில் சோகா பிறந்தது. இந்திய வம்சாவளியினரின் சட்னி இசை இன்னொரு கிளை. அதில் பாதிப் பாட்டு ரம் பாட்டிலைச் சுற்றியே வருவதால் பிள்ளைகளுக்குப் பொறுக்கி எடுத்துத்தான் போட வேண்டும்.

ஏழாம் படி: பிறகு மற்றத் தீவுகள்

டிரினிடாட் ஊறிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஜமைக்கா என்றால் நேராக ரெகேவுக்குப் போகாமல் மென்டோவில் ஆரம்பியுங்கள். பேஞ்சோ, கிதார், பெரிய மரப்பெட்டியில் உலோக நாக்குகள் பொருத்திய ரம்பா பெட்டி எல்லாம் சேர்ந்த கிராமிய இசை. பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டே வாசிப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ரெகேயில் நம் 3+3+2 இல்லை. நாலு எண்ணிக்கையில் மூன்றாவதில் முரசு விழும், முதலாவது காலியாக இருக்கும். அந்தக் காலியை உணர்வதே ஒரு விளையாட்டு.

குவாதலூப்பின் குவோ காவில் இரண்டு வகை முரசு. தடித்த குரல் பூலா மாறாமல் ஓட, மெல்லிய குரல் மாக்கே ஆடுபவரின் காலைப் பார்த்து அடிக்கும். ஆட்டத்தை முரசு துரத்துகிறது. ஒரு பிள்ளை ஆட, இன்னொரு பிள்ளை டப்பாவில் அதன் காலைப் பின்தொடரட்டும்.

கியூபாவுக்கு இரண்டு மரக்கட்டைகள் போதும், கிளாவே. ஹவானாவின் கப்பல் கட்டும் துறையில் கிடைத்த மரமுளைகளிலிருந்து வந்தவை என்பார்கள். சோன் இசையின் கிளாவே 16 எண்ணிக்கை:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் கட்டையைத் தட்டினால் அச்சாக வந்துவிடும். மிருதங்கம் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். பூரிக்கட்டை இரண்டு போதும்.

சிறுவர் வட்டப்பாட்டுகள் வேண்டுமென்றால் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் 1962-இல் கிழக்குக் கரீபியத் தீவுகளில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளே பாடியவை அவற்றில் உண்டு. ஜமைக்காவின் மிஸ் லூ என்ற லூயிஸ் பென்னட்டின் பதிவுகளையும் தேடுங்கள், பேச்சு புரியாவிட்டாலும் குரல் இழுத்துவிடும்.

அடிமை முறையை எப்படிச் சொல்வது?

மறைக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். ஆறு வயதுக்கு: "ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போய், கூலி கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். பாட்டும் தாளமும் மட்டும் அவர்களிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை." பத்து வயதுக்கு: கப்பல், சர்க்கரை, யாருக்கு லாபம், விடுதலைக்குப் பிறகு இந்தியர்களை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதுவரை போகலாம். சர்க்கரை டப்பாவை மேசையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு தானாக நீளும்.

பள்ளி ஆண்டுவிழாவில் "கரீபியன் டான்ஸ்" போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகத்தில் கறுப்பு மை, நாரில் செய்த சடைமுடி, இலைப்பாவாடை, மூன்றும் வேண்டாம். இலைப்பாவாடை பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது, இந்தக் கடலே இல்லை. பளிச்சென்ற உடையில் பிள்ளைகளை டப்பாவும் மூங்கிலுமாக மேடையேற்றி, ஒரு நிமிடம் கதை சொல்லிவிட்டு வாசிக்க விடுங்கள். மோகோ ஜம்பி என்ற பொய்க்கால் ஆட்டம் டிரினிடாட் கார்னிவலில் உண்டு. உயரம் குறைந்த பொய்க்காலில் பழகிய பிள்ளை இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

நேரில் கேட்கவும், வாங்கவும்

லண்டனில் இருப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவலின் ஞாயிற்றுக்கிழமைக்குப் போங்கள், குடும்பங்களுக்கான நாள் அது. டொராண்டோவில் 1967 முதல் நடக்கும் கார்னிவலில் சிறுவர்களுக்குத் தனி அணிவகுப்பு உண்டு. இரண்டு ஊரிலும் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பான் குழுக்கள் இருக்கின்றன. சத்தம் பயங்கரமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் காது மூடி கட்டாயம். டிரினிடாடுக்கே போக வாய்த்தால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் போங்கள். மாலைநேரத்தில் பான்யார்டுகளில் பனோரமா ஒத்திகை நடக்கும், போட்டியைவிட அதுதான் பிள்ளைகளுக்கு வசதி.

பான் வாங்க நினைத்தால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இணையக் கடைகளில் "ஸ்டீல் டங் டிரம்" என்று வருவது பான் இல்லை. மேற்பரப்பில் நாக்கு நாக்காக வெட்டிய மூடிய டப்பா அது. விரலால் தட்டும் ஹேண்ட்பான் என்பதும் வேறு. அதன் மூலமான ஹாங் 2000-இல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது. ஸ்டீல்பான் செய்யும் கலையோடு நம் கடமும் அதற்கு வித்திட்டது. இரண்டும் இனிமையான வாத்தியங்கள்தான், ஆனால் இந்தக் கதைக்குள் வராது. உண்மையான டெனர் பான் விலை அதிகம். பிள்ளைக்கு ஓர் ஆண்டு ஆர்வம் நீடித்த பிறகு பாருங்கள், அதுவரை சிறுவர் அளவுச் சின்னப் பான் போதும். ரப்பர் முனையுள்ள குச்சியைத் தவிர வேறு எதனாலும் தட்டக் கூடாது. சுரங்களின் மேல் எதையும் வைக்கக் கூடாது, வெயிலில் காரில் விட்டுவிடக் கூடாது. சுருதி கலைந்தால் நம் ஊர்ப் பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தட்டி வாங்க முடியாது. அதற்கென்று பழகிய சுருதிக்காரரிடம்தான் போக வேண்டும், எனவே வாங்கும் முன்பே விற்பவரிடம் அந்த ஏற்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.